விஸ்வநத்தத்தில் ரோமாபுரிப் பரிசு

பெத்தணன் சேவல் வரைகிறவன். பட்டாசுக் கட்டின் மேலும் தீப்பெட்டியின் மேலும் ஒட்டுகிற லேபிளில் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு நிற்குமே, அந்தச் சேவல். சிவகாசியில் கிளி வரைய நாலு பேர் இருந்தார்கள், புலி வரைய இரண்டு பேர் இருந்தார்கள், சேவலுக்கு அவன்தான். விஸ்வநத்தத்தில் வீடு, சங்கரலிங்கம் முதலாளியின் அச்சகத்தில் வேலை, சுபாவத்தில் பயந்தாங்கொள்ளி. போலீஸ்காரர் சைக்கிளில் வந்தால் தெரு மாறிப் போகிறவன். அப்படிப்பட்டவன்கூட, பிரான்சு தேசத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஒரு துரைக்குப் பயப்பட வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

அந்தத் துரையின் பெயர் ழூல் மோர்வில். அவரைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தவர் சீனிவாசகம். பள்ளிக்கூடங்களில் டிராயிங் வகுப்புகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். புதுச்சேரியைவிட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய சமயத்தில் நடந்த ஓர் ஏலத்துக்கு நாற்காலி வாங்கப் போனார். நாற்காலிகளை யாரோ முந்திக்கொண்டார்கள். மோர்வில் என்ற ஓவியரின் வாழ்க்கை வரலாறும், தாடி வைத்த அவருடைய உருவப்படமும், ஏதோ சிலையிலிருந்து கணுக்காலோடு ஒடிந்த ஒரு வெள்ளைச் சாந்துப் பாதமும்தான் மிஞ்சியிருந்தன. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அவற்றை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். விருதுநகரில் இறங்கும்போது அவருக்குள் ஓர் அகாடமி உருவாகியிருந்தது.

வேறு ஒருவராக இருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். சீனிவாசகத்துக்கு ஒரு மருமகன் இருந்தார். பட்டாசு ஆலைகளைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. அந்தக் கையெழுத்து இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஓர் ஓலைவெடிகூட வெடிக்காது. ஆகவே ஐம்பத்தொன்பதாம் வருஷத்துத் தீபாவளி சீசன் முடிந்த கையோடு முதலாளிகள் கூடி, அகாடமியின் சான்றிதழ் இல்லாதவன் வரைந்த படத்தை இனி அச்சேற்றுவதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எதற்காக என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏகமனதாக இருந்தது, அது போதும்.

சங்கரலிங்கம் முதலாளி பெத்தணனைக் கூப்பிட்டுவிட்டார்.

"திங்கக்கெழமையிலருந்து சாயங்காலம் அகாடமிக்குப் போயிருலே."

"மொதலாளி, எனக்குச் சேவல் மட்டுந்தான் வரும்."

"சேவலும் வேணாம் கோழியும் வேணாம். அங்கன அவுக சொல்றத வரஞ்சு ஒரு சர்டிபிகேட்ட வாங்கிட்டு வந்துரு. இல்லேன்னா ஒன்னய வேலைக்கு வச்சுக்க முடியாது. மருமகன் நம்ம பட்டாசு ஆலையில ஷெட்டையெல்லாம் பாத்துட்டுப் போயிருக்காக. இன்னும் கையெழுத்துப் போடல." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது முதலாளியின் குரலும் இறங்கியிருந்தது. பெரிய மனுஷர்களும் பயப்படுவார்கள் என்பதை அன்றுதான் பெத்தணன் பார்த்தான். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

வீட்டில் சொன்னபோது பாலம்மாள் கேட்டாள்: "யாருய்யா அந்த ஆளு? மோர் விக்கிறவரா?"

"மோர்வில்லு. பெரிய படக்காரத் துரை. செத்துப்போயிட்டாரு."

"செத்துப்போனவருக்கா ஒனக்கு இப்பிடி வேத்துக் கொட்டுது?"

"செத்தவரப் பாத்து இல்ல புள்ள. அவரு பேரச் சொல்லிக்கிட்டு இருக்கிறவரப் பாத்து."

பாலம்மாள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பெண்பிள்ளைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாகக் கரிசல்காட்டில் மழை கிடையாது. சேவல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும்.

அகாடமி பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் மாடியில் நடந்தது. முதல் நாளே ஓவியர்களை வகுப்பு பிரித்து உட்காரவைத்தார்கள். புராணமும் சரித்திரமும் வரைகிறவர்களுக்கு நாற்காலி. மனித முகம் வரைகிறவர்களுக்குப் பெஞ்சு. மலையும் ஆறும் வரைகிறவர்களுக்குப் பாய். மிருகம், பறவை வரைகிற நான்காம் வகுப்புக்கு வெறுந்தரை. மேல் வகுப்பு கேட்டாலொழிய நான்காம் வகுப்பு வாய் திறக்கக் கூடாது. லேபிளில் எழுத்து மட்டும் எழுதுகிற அசன் முகம்மதுவை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசல்படியில் உட்காரவைத்தார்கள். பெத்தணன் அவருக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டான்.

மாலை போட்ட மோர்வில் படத்தின் முன்னால் நின்று சீனிவாசகம் பேசினார்.

"அன்பர்களே! மோர்வில் யார்? பீப்பாய் செய்கிறவரின் மகன். பாரீசு சென்றார். ஓவியம் பயின்றார். அங்கே ரோமாபுரிப் பரிசு என்று ஒன்று உண்டு. போட்டியாளர்களைத் தனித்தனி அறையில் பூட்டிவைத்து வரையச் சொல்வார்கள். மோர்வில் ஐந்து முறை பூட்டப்பட்டார். ஐந்து முறையும் தோற்றார். ஏன்? அவரிடம் சொந்தமாக ஏதோ கொஞ்சம் இருந்தது! ஆறாவது முறை அதையும் துடைத்து எறிந்தார். வென்றார்!"

கைதட்டல் எழுந்தது. நாற்காலிகள் தட்டின, பெஞ்சும் தட்டியது. தரைக்குத் தட்ட அனுமதி உண்டா என்று தெரியாமல் பெத்தணன் கையைத் தூக்கி அப்படியே வைத்திருந்தான்.

"நீரில் குளிக்கும் தேவகன்னியரை வரைந்தார். சாகும் சக்கரவர்த்திகளை வரைந்தார். அவர் படத்தில் தூரிகை பட்ட தடமே தெரியாது. மனிதன் வரைந்தது என்று ஒருவரும் சந்தேகப்பட முடியாது! முப்பது ஆண்டுகள் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் வீற்றிருந்தார். படம் முன்னால் வரும். கைத்தடியைத் தூக்குவார். போயிற்று! படத்தின் முதுகில் தள்ளுபடி முத்திரை விழும். ஒருநாள் மதிய உணவுக்குப் பின் அயர்ந்து உறங்கியபோது கைத்தடி தானாகத் தூக்கிக்கொண்டது. அன்று வந்தவை எல்லாம் தள்ளுபடி. அவற்றில் சில இன்று உலகப் புகழ் பெற்றிருக்கின்றன என்கிறார்கள். அதனால் என்ன? தள்ளுபடி தள்ளுபடிதான்!"

"தூங்கிட்டே இம்புட்டு வேல பாத்திருக்காரு," என்று அசன் முகம்மது பெத்தணனின் காதில் சொன்னார். பெத்தணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அசன் முகம்மது எழுந்து, "ஐயா, அந்தத் துரையோட படமெல்லாம் இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்டார். வாசல்படி பேசலாமா கூடாதா என்று விதி இல்லாததால் பதில் கிடைத்தது.

"பாரீசு அருங்காட்சியகத்தின் நிலவறையில், சுவரைப் பார்த்துத் திருப்பிவைக்கப்பட்டிருக்கின்றன. சாமானியக் கண்கள் அவற்றைத் தாங்காது."

அடுத்த மூன்று மாதமும் பாதம் வரைந்தார்கள். சாந்துப் பாதத்தை நடுவில் ஒரு முக்காலியில் வைத்து, நாலு வகுப்பும் சுற்றி உட்கார்ந்து அதையே வரைந்தது. வரைந்ததைச் சீனிவாசகத்தின் முன்னால் சேவகன் தூக்கிப் பிடிப்பான். அவரிடம் கைத்தடி இல்லை, குடைதான் இருந்தது. குடை உயர்ந்தால் தாளின் முதுகில் 'த' என்று சிவப்பு முத்திரை விழும். பெத்தணனின் பாதங்களுக்குக் குடை இறங்கவே இல்லை.

"இந்தப் பாதத்தில் கோழித்தனம் இருக்கிறது," என்றார் சீனிவாசகம். "கொத்தப் போகிறாற்போல நிற்கிறது. துடையும்."

பெத்தணன் துடைத்தான். துடைத்துத் துடைத்து வரைந்தான். பகலில் அச்சகத்தில் சேவலைத் தொட்டால் அதற்கு மனுஷ விரல்கள் முளைத்தன. அந்த மாதம் ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர் லேபிளைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சேவலு செருப்புக்கு அளவு குடுக்கிற மாதிரி நிக்குது?" என்றார். இரண்டு பக்கமும் அடி விழுந்தது.

பாதம் முடிந்ததும் முழு உடல். மோர்வில் முறைப்படி, ஆடையில்லாத மனிதனை நேரில் நிறுத்தித்தான் வரைய வேண்டும். லோடு ஏற்றுகிற சோலைச்சாமி என்பவனைக் கூட்டிவந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முதலாளிகள் சங்கத்திலிருந்தும் ஆட்சேபம் வந்தது. சீனிவாசகம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்: கலையின் விதிப்படி சோலைச்சாமி ஆடையில்லாமல் நிற்பான், ஒழுக்கத்தின் விதிப்படி ஓவியர்கள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரைவார்கள். அப்படியே நடந்தது. பன்னிரண்டு பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நிற்பவனை வரைந்தார்கள். அத்தனை படமும் ஒரேமாதிரி இருந்தன. சீனிவாசகம் கண்கலங்கி எல்லோருக்கும் தேர்ச்சி கொடுத்தார். "சொந்தமாக எதுவும் இல்லை! எதுவுமே இல்லை!" என்றார்.

தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கடைசிச் சோதனை ரோமாபுரிப் பரிசு. தனித்தனி அறையில் பூட்டிவைக்க வேண்டும். சிவகாசியில் ஓர் ஆளுக்கு ஓர் அறையாக எங்கே இருக்கிறது? பட்டாசு ஆலையில் இருக்கிறது. ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளது தப்ப வேண்டும் என்று சர்க்கார் தள்ளித்தள்ளிக் கட்டச்சொன்ன சின்ன ஷெட்டுகள். ஷெட்டில் ஆள் இருக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது என்பதும் சர்க்கார் விதிதான். மருமகன் அந்த விதிக்கு ஒருநாள் விடுமுறை கொடுத்தார்.

விஸ்வநத்தத்தில் சங்கரலிங்கம் முதலாளியின் ஆலை. காலை வெயில். ஷெட்டுகள் காலியாக இருந்தன. காலி என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். தரையின் வெடிப்புகளிலும் சுவரின் அடியிலும் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு வெடிமருந்துத் தூசி கிடந்தது. அந்த ஊரில் பிறந்த எவனும் அதைப் பார்த்தால் பீடியை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுத்தான் வருவான்.

சீனிவாசகம் தலைப்பை அறிவித்தார். "ரோமாபுரி எரிகிறது!" பிறகு சேவகனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் ஆளுக்கொரு சிம்னி விளக்கை ஏற்றிக் கொடுத்தான். "நெருப்பை வரைய நெருப்பைப் பார்க்க வேண்டும். மோர்வில் தம் வீட்டுத் திரைச்சீலையைக் கொளுத்திப் பார்த்தவர். விளக்கை அணைக்கிறவர் தோற்றவர்."

பெத்தணன் ஷெட்டின் தரையைக் காட்டினான். "ஐயா... உள்ள மருந்து கெடக்கு..."

"நான்காம் வகுப்பு பேசலாமா?"

பெத்தணன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மருமகனைப் பார்த்தார். மருமகன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

கதவைச் சாத்தினார்கள். வெளியே பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

பெத்தணன் விளக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே வைக்க முடியாது, தரை முழுக்கத் தூசி. ஊதி அணைக்கவும் முடியாது, திரியிலிருந்து ஒரு பொறி தெறித்தால் போதும். தூரிகையைத் தொடுவதென்றால் ஒரு கையை எடுக்க வேண்டும். முதுகு சுவரில் படாமல் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கை நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்க நடுங்கச் சுடரும் ஆடியது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு மணிக்கட்டில் வழிந்தது. கண்ணாடியின் சூடு விரலுக்கு ஏறியது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தான். ஒரு பெயர்தான் ஞாபகம் வந்தது. மற்றது வரவில்லை. அப்போதுதான் அலறினான்.

"கதவத் தெறங்க! ஏய்யா, கதவத் தெறங்க!"

வெளியே காவலுக்கு நின்ற சுந்தரபாண்டியின் குரல் வந்தது. "பேசக் கூடாதுன்னு உத்தரவு, அண்ணே. பேசுனா எனக்கு வேல போயிரும்."

பிறகு சீனிவாசகத்தின் குரல், கதவுக்கு மிக அருகில்: "அச்சம் நல்லது, பெத்தணன்! அச்சமில்லாதவன் சரித்திரம் வரைய முடியாது. மோர்வில் இருபது ஆண்டுகள் அஞ்சினார். பிறகு அவரைக் கண்டு மற்றவர்கள் அஞ்சினார்கள். வேறென்ன வேண்டும் ஒரு கலைஞனுக்கு?" காலடிகள் தள்ளிப்போயின.

லேபிள் ஒட்டும் கொட்டகையில் வேலைசெய்த செல்லத்தாய் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் வந்தாள். "யாருண்ணே உள்ள? என்ன சத்தம்?"

"வெளக்கு, தாயி! உள்ள வெளக்கு வச்சிருக்காக! எல்லா ஷெட்டுலயும்!"

குடம் கீழே விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் போய்விட்டாள் என்று நினைத்தான். அடுத்து, பூட்டின் மேல் இரும்பு மோதியது. "உத்தரவு இல்லாம ஒடைக்கக் கூடாது" என்று சுந்தரபாண்டி கத்தினான். "நீ தள்ளுலே," என்றாள் செல்லத்தாய். கொண்டி பெயர்ந்து கதவு திறந்தது. கையில் கடப்பாரையோடு வெளிச்சத்தில் நின்றாள். பெத்தணன் குத்துக்காலிட்டபடியே இருந்தான். அவள் குனிந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கை வாங்கிக்கொண்டு, ஓடாமல், நிறைந்த குடத்தைக் கொண்டுபோகிறவளைப் போல மெல்ல நடந்து வேலிக்கு வெளியே தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினாள்.

பிறகு மற்றக் கதவுகள். அசன் முகம்மது தம் ஷெட்டில் கிடந்த ஒரு முக்காலிமேல் விளக்கை வைத்துவிட்டு அதற்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எல்லோரையும் வெளியே இழுத்தாயிற்று. கோடியில் ஒரு ஷெட் மிச்சம். அதில் மோர்வில்லின் படத்தையும் சாந்துப் பாதத்தையும் வைத்து முன்னால் குத்துவிளக்கு ஏற்றிப் பூட்டியிருந்தார்கள். செல்லத்தாய் அங்கே போகவும் சீனிவாசகம் குடையை நீட்டி மறித்தார்.

"அது துரையின் அறை! பெண்கள் நுழையக் கூடாது!"

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். கடப்பாரையைப் போட்டுவிட்டு, "ஓடுங்க!" என்றாள்.

கருவேலங்காட்டைத் தொடுவதற்குள் ஷெட் கிளம்பிவிட்டது. சத்தம் முதுகில் அறைந்தது. ஓடு, செங்கல், தகரம் எல்லாம் மேலே போய் யோசித்து யோசித்து இறங்கின. துரையின் சாந்துக் கட்டைவிரல் முதலாளியின் காரின் மேல் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் சீனிவாசகம்.

ஒருவரும் சாகவில்லை. அதனால் விசாரணை சுலபமாக முடிந்தது. விசாரித்தவர் மருமகன். அவர் சொன்ன முடிவு இது: "ஷெட்டுக்குள் விளக்கு வைக்க விதி இடம் தரவில்லை. ஆகவே விளக்கு இருந்திருக்க முடியாது. விளக்கு இல்லாமல் வெடித்திருக்க முடியாது. ஆகவே ஷெட் வெடிக்கவில்லை."

"அங்கன இருக்கிற குழி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது ஷெட் கட்டுவதற்காகத் தோண்டியது."

பெத்தணனை முன்னால் நிறுத்தினார்கள். "நீ என்ன பார்த்தாய்?" முதலாளி மூலையில் நின்று, மார்புக்கு நேராக இரண்டு கையையும் அவனைப் பார்த்துக் கூப்பியிருந்தார். பெத்தணன் வாயைத் திறந்தான். "ஒண்ணும் பாக்கலைங்க, ஐயா."

அசன் முகம்மதுவைக் கூப்பிட்டபோது அவர் இல்லை. முந்தின நாளே பெத்தணன் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நான் தூத்துக்குடிக்குப் போறேன் பெத்தணா. தோணிகளுக்குப் பேரு எழுதுனாப் பொழச்சுக்கிடலாம். நீயும் வந்துருலே."

"புள்ளைகள வச்சுக்கிட்டு எங்கன வரட்டும், பாய்?"

"இங்கன மட்டும் எப்பிடி இருப்ப?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பூட்டை உடைத்த குற்றத்துக்காகச் செல்லத்தாயை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஷெட்டே வெடிக்காத இடத்தில் பூட்டு மட்டும் எப்படி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெத்தணனும் கேட்கவில்லை. அவன் வேறொன்றுக்காகப் பயந்துகொண்டிருந்தான். அவனுடைய பெயர் ரோமாபுரிப் பரிசுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

"மோர்வில்லுக்கே ஆறு முறை தேவைப்பட்டது," என்று சீனிவாசகம் மேடையில் நெகிழ்ந்தார். "இவரோ, கண்ணால் கண்டதையே ஒரே நாளில் துடைத்துவிட்டார்!" மெடல் குத்தினார்கள். தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இனிமேல் படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவனும் உறுப்பினர் என்பதால் புதுக் குடை ஒன்றும் கொடுத்தார்கள். அச்சகத்தில் முதலாளி அவனை "வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். பாலம்மாள் மெடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையும் பாத்தா பயப்படுற?" என்று கேட்டாள். அவன் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறு வருஷம் சான்றிதழுக்குப் படங்கள் வந்தன. குழு வரிசையாக உட்கார்ந்திருந்தது. பெத்தணனுக்குக் குடை பழகிவிட்டது. எல்லோரும் தூக்கும்போது தூக்கினான், இறக்கும்போது இறக்கினான்.

மதியத்துக்குமேல் செல்லத்தாய் வந்தாள். வேலை போனதிலிருந்து அவள் மல்லாங்கிணறு பக்கம் களையெடுக்கப் போய்க்கொண்டிருந்ததாகக் கேள்வி. சான்றிதழ் கிடைத்தால் ஏதாவது அச்சகத்தில் லேபிள் வரையலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழித்துப்போட்ட லேபிள் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் வரைந்திருந்தாள். சேவகன் தூக்கிப் பிடித்தான்.

திறந்த கதவு. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஒரு மனுஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒரு விளக்கை ஏந்தியிருந்தான். வைக்கவும் முடியாமல், பிடித்திருக்கவும் முடியாமல். முகத்தை அவள் அதிகம் வரையவில்லை. கைகளை வரைந்திருந்தாள். விரலாலேயே சாயத்தை இழுத்திருந்தாள். அந்தக் கைகள் தாளில் நடுங்கிக்கொண்டிருந்தன.

சீனிவாசகம் தம் குடையைத் தூக்கவில்லை. மெல்லப் பெத்தணன் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள். அந்த ஆலையில் இருந்தவர் நீங்கள். இப்படி ஒன்று நடந்ததா?"

"அது நீங்கதான், அண்ணே," என்றாள் செல்லத்தாய். "சொல்லுங்க."

பெத்தணன் படத்தைப் பார்த்தான். மணிக்கட்டில் மண்ணெண்ணெய் வழிவது போலிருந்தது. சீனிவாசகம் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் முதலாளிகளின் வரிசை இருந்தது. அதன் கடைசியில், பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டு மருமகன் உட்கார்ந்திருந்தார்.

"தடம் தெரியுது," என்றான் பெத்தணன். "விரல் பட்ட தடமெல்லாம் தெரியுது."

குடையைத் தூக்கினான்.

சேவகன் படத்தைக் கவிழ்த்து முத்திரை குத்தினான். செல்லத்தாய் கையை நீட்டினாள். தாளைச் சுருட்டி வாங்கிக்கொண்டாள். போகத் திரும்பியவள், உயர்ந்திருந்த குடையைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"என்னண்ணே," என்றாள், உண்மையாகவே கவலைப்பட்டு, "இன்னுமா நடுங்குது?"

சேவகன் அடுத்த படத்தைத் தூக்கிப் பிடித்தான்.